மூன்றாவது பீப்பாய்

தண்ணீர் அலுவலகத்தின் மொட்டை மாடியில் மூன்று நீலப் பீப்பாய்கள் நின்றுகொண்டிருந்தன. ஊரின் எதிர்காலமே அந்தப் பீப்பாய்களுக்குள்தான் இருக்கிறது என்று பொறியாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிற ஆய்வகப் பெண்ணைக் காட்டி, "அந்த எதிர்காலம் நாறுமா நாறாதான்னு சொல்லப்போறது இவங்க" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுக்கு அலுவலகத்தில் மூக்குக்காரி என்று பெயர். யாரும் கேலியாக வைத்த பெயர் இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் கருவி சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள். எந்தத் தெருக் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது என்று பாட்டிலைத் திறந்ததுமே சொன்ன நாட்கள் உண்டு. எங்கே என்ன நாற்றம் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மேலாளர் அறையில் எலி செத்துக் கிடந்தபோதுகூட.

ஊர் பெருத்துக்கொண்டே போனது. போன வருடம் வயலாக இருந்த இடத்தில் இந்த வருடம் மாடி வீடுகள். குடிக்கிற தண்ணீரையே செடிக்கும் கக்கூசுக்கும் ஆலைக்கும் விட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சில கோடைகளில் கை விரிக்க வேண்டியதுதான். ஊரின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் இருந்தது. அங்கிருந்து தெளிவான தண்ணீர் வந்தது. ஆனால் மழைக்காலத்தில் அது யாருக்கும் வேண்டாம், ஆற்றில் விட்டுவிடுவார்கள். கோடையில் எல்லோருக்கும் வேண்டும், அப்போது போதாது. மழைக்காலத்துத் தண்ணீரைக் கோடை வரை சேர்த்துவைக்க ஒரு பெரிய குளம் வேண்டும். அதை எங்கே வெட்டுவது என்பதுதான் பொறியாளரின் தலைவலி.

இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று ஊருக்கு வெளியே கற்பாறை மேடு. அங்கே குழாய் போட்டு, தண்ணீரை ஏற்றி, அடியில் விரிப்பு விரித்து முடிப்பதற்குள் ஒரு தலைமுறை கிழவனாகிவிடும். இன்னொன்று செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போன பள்ளம். களிமண் தரை, சொட்டுத் தண்ணீர் இறங்காது. வெட்ட வேண்டிய வேலையும் முக்கால்வாசி முடிந்தே கிடந்தது. ஒரே சங்கடம், பள்ளத்தின் கரையிலேயே ஒரு வரிசை வீடுகள். தேங்கிய தண்ணீர் கோடையில் நாற ஆரம்பித்தால் அந்த வரிசையில் மனிதர் குடியிருக்க முடியாது.

மூக்குக்காரியின் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது.

அதனால்தான் பீப்பாய்கள். முதல் பீப்பாயில் நிலையத்துத் தண்ணீர் நிழலில் மூடி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காற்று குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் பள்ளத்துக் களிமண்ணை அடியில் போட்டு, தண்ணீரை ஊற்றித் திறந்த வெயிலில் அப்படியே விட்டிருந்தார்கள். பள்ளத்தில் எப்படித் தேங்குமோ அப்படி. மூன்றாவது நாறாவிட்டால் வேறு செலவே இல்லை, பள்ளத்தில் தண்ணீரை விட வேண்டியதுதான்.

முகர்ந்து பார்க்க மூன்று பேர். அவள், பம்பு ஓட்டுகிற அண்ணன், தட்டச்சு அம்மா. பாட்டிலில் தண்ணீரை மொண்டு, குலுக்கி, மூடியைத் திறந்து முகர வேண்டும். நாற்றமே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் ஐந்து. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. இதெல்லாம் சட்டம்.

நடப்பு வேறு. "மூக்கு முதல்ல" என்று மற்ற இருவரும் விலகி நிற்பார்கள். அவள் முகர்வாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் புருவம் கொஞ்சம் நெளிந்தால் இரண்டு, மூக்கு சுருங்கினால் மூன்று, தலை பின்னால் போனால் நான்கு. பிறகு தாங்களும் ஒப்புக்கு முகர்ந்துவிட்டுப் போடுவார்கள். அவள் மூக்கு இருக்கும்போது நம் மூக்கு எதற்கு என்ற எண்ணம். யாரும் இதைத் தவறு என்று நினைக்கவில்லை, அவளும்கூட.

*

அவளுடைய புருஷன் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டயர் கடை வைத்திருந்தவர். ஜாக்கி சரிந்து வண்டி அவர் மேல் இறங்கிவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசுவதற்கு அங்கே இருந்ததும் இரண்டே பேர்தான், அவளும் மாமியாரும்.

அவர் கடைசியாக வீட்டில் கழற்றிப் போட்ட சட்டையை அவள் தோய்க்கவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஆய்வகத்தில் மாதிரிகளைப் பத்திரப்படுத்துகிற பை அது. அடிக்கடி திறந்தால் வாசனை பறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், அதுதானே அவள் தொழில். மாதம் பிறந்தால் ஒரு தடவை, பையின் வாயைக் கொஞ்சம் பிரித்து, முகத்தை உள்ளே விட்டு ஒரே மூச்சு. ரப்பர் பசை, வியர்வை, கழுத்துப்பட்டையில் கொஞ்சம் தலை எண்ணெய். உடனே மூடிவிடுவாள். அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரை ஓட்டிவிடலாம்.

மழை முடிகிற சமயத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து ஆளை உருட்டிப் போட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் சாப்பாடு மண்ணாக இருந்தது. அது அவளுக்குப் புதிதாகப் படவில்லை. அவர் போனதிலிருந்தே சாப்பாட்டில் ருசி கண்டவள் யார்?

அந்த மாதம் பையைத் திறந்தபோது ஒன்றும் இல்லை. இன்னொரு முறை முகர்ந்தாள். பையை முழுக்கத் திறந்து சட்டையை வெளியே எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினாள். வெறும் துணி.

முடிந்துவிட்டது என்று நினைத்தாள். எந்த வாசனையும் ஒரு நாள் போய்த்தானே ஆக வேண்டும். மாமியார் மேல் ஒரு சந்தேகமும் வந்தது, நான் இல்லாதபோது திறந்து திறந்து பார்த்திருப்பாரோ என்று. கேட்கவில்லை. கேட்டால் எந்த வார்த்தை எங்கே போய் முடியுமோ. மறுநாள் காலையில் சட்டையைச் சோப்புப் போட்டுத் தோய்த்து, பின்கட்டுக் கயிற்றில் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது சட்டை இஸ்திரி போட்டு மடித்து அவள் படுக்கை மேல் இருந்தது. மாமியார் அன்று முழுவதும் தலைவலி என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

*

கோடை ஏற ஏற மூன்றாவது பீப்பாயின் தண்ணீர் பச்சையாகி, பிறகு பழுப்பாகியது. ஒவ்வொரு வாரமும் மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள். வெயில் ஏறியதிலிருந்து பொறியாளர் மாடிப் பக்கம் வருவதில்லை, தாளில் வருகிற எண்களைத்தான் பார்ப்பார். மூக்குக்காரி பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்தாள். அவள் முகம் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

பூஜ்யம். மற்ற இருவரும் கொஞ்சம் யோசித்தார்கள். பம்பு அண்ணன் பூஜ்யம் போட்டார். தட்டச்சு அம்மா எச்சில் விழுங்கிக்கொண்டு ஒன்று போட்டு, பிறகு அதை அடித்துப் பூஜ்யமாக்கினார்.

பொறியாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளத்தையே தேர்ந்தெடுத்துத் திட்டத்தை மேலே அனுப்பிவிட்டு, கரை வரிசைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டமும் போட்டார். குளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் முதல் இணைப்பு அவர்களுக்குத்தான், கக்கூசுக்கும் செடிக்கும் துணிக்கும் தாராளமாகத் தண்ணீர் வரும் என்றார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற வரிசை அது. முகங்கள் மலர்ந்தன.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மட்டும் எழுந்தாள். "எல்லாம் சரி சார். கழுவின தண்ணி கழுவின தண்ணிதானே. நாறாதுன்னு யார் சொன்னது?"

"உங்க தெருக்காரங்களே சொன்னாங்க" என்று பொறியாளர் மூக்குக்காரியைக் காட்டினார்.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். "இவளா? எங்க வீட்டுல பால் அடி பிடிச்சா எனக்கு முன்னாடி இவளுக்குத் தெரியும். என்னடி, நிஜமாவா?"

"நாறாதுக்கா. நானே மோந்து பாத்தேன்."

"அப்ப சரி. அப்புறம் நாறுச்சுன்னா உன் வீட்டுலதான் வந்து குடியிருப்பேன், சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசை முழுக்கச் சம்மதக் கையெழுத்துப் போட்டது.

*

அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனாள். மாமியார் அதை எடுத்துக்கொண்டு வெயிலில் அலுவலகத்துக்கு நடந்து வந்தார். மருமகள் மாடியில் இருப்பதாகக் கீழே சொன்னார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தவர், மாடிக் கதவைத் தாண்டி நாலடி வைத்ததுமே நின்றுவிட்டார். ஒரு கையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

"என்னடி இது. எதைச் சாகடிச்சு வச்சிருக்கீங்க இங்க?"

"என்ன அத்தை?"

"இந்த நாத்தத்துலயா நின்னு வேலை பாக்குற? முட்டை அழுகின மாதிரி. குடலப் புரட்டுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு வீட்டை விட்டு வெளிய வந்தா எல்லாமே நாத்தம்தான். இது சுத்தம் பண்ண தண்ணி."

மாமியார் கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். மூன்றாவது பீப்பாயின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, குனிந்து, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மருமகளை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு நிஜமாவே ஒண்ணும் வரலயா?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

மாமியார் இடுப்பிலிருந்து தைலக் குப்பியை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. மூடியைத் திறந்து மருமகளின் மூக்குக்கு அடியில் நீட்டினார். "இழு."

அவள் இழுத்தாள். உள்ளே சில்லென்று ஏறியது. கண் எரிந்து தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

மறுபடியும் இழுத்தாள். பீப்பாய்க்குள் குனிந்து இழுத்தாள். தன் கையை, கையிலிருந்த பாட்டிலை, மாமியார் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து அதை. எல்லாம் வெறும் காற்று. இத்தனை மாதமாக அவள் வெறும் காற்றை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு முதலில் நினைவு வந்தது திட்டமும் இல்லை, கூட்டமும் இல்லை.

"அத்தை. அந்தச் சட்டை."

மாமியார் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் தோய்க்கும்போது அதுல வாசனை இருந்துச்சா?"

"சாப்பிடு. ஆறிப்போகுது."

"சொல்லுங்க அத்தை."

"இருந்துச்சு" என்றார் மாமியார். "நீ வேலைக்குப் போனப்புறம் எப்பவாவது நானும் திறப்பேன். முழுசா இல்ல, ஓரத்துல கொஞ்சம். முந்தின நாள்கூட இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல? கொடியில காயிறப்போ பாத்தீங்கல்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ மனசைத் தேத்திக்கத்தான் தோய்ச்சுட்டேன்னு நினைச்சேன். கட்டினவ நீ. உனக்கு வயசிருக்கு. பெத்தவ நான் குறுக்க வந்து, என் புள்ள வாசனையை வச்சுக்கிட்டே கிடன்னு சொல்லவா?"

மாடியில் நிற்க முடியாமல் மாமியார் படியிறங்கினார். சாப்பாட்டுப் பாத்திரம் பீப்பாய் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

*

மறுநாள் பொறியாளரின் அறைக் கதவருகே அவள் வெகுநேரம் நின்றாள். சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. குளம் வெட்டி, நிரம்பி, ஒரு கோடை போன பிறகுதான் தெரியும். அப்போது தண்ணீர் மேல் பழி போடலாம், வெயில் மேல் போடலாம். ஆனால் சொன்னால் மூக்குக்காரி என்ற ஆள் அன்றோடு இல்லை. டயர் கடைக்காரர் மனைவி என்பது போன வருடமே போயிற்று. மிச்சம் இருந்தது இந்த ஒரு பெயர்தான்.

அவள் ஒரு சட்டையை நினைத்துக்கொண்டாள். வாய் திறக்காமல் இருந்த இரண்டு பேரால் தோய்க்கப்பட்ட சட்டை. உள்ளே போனாள்.

பொறியாளர் கேட்டு முடிக்கும் வரை பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"எப்பலேருந்தும்மா?"

"காய்ச்சலுக்கு அப்புறம் சார்."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"இல்ல சார். நாத்தம் இல்லன்னுதான் நினைச்சேன்."

"மூணு பேர் மோந்தீங்களே. மத்த ரெண்டு பேருக்கு மூக்கு இல்லையா?"

அவர்களையும் கூப்பிட்டார். பம்பு அண்ணன் தலையைச் சொறிந்தார். "அக்கா முகத்தைச் சுளிக்கலையே சார். அக்காவுக்கே வரலன்னா நமக்கு என்ன பெரிசா வந்துடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"எனக்குக் குமட்டிக்கிட்டுதான் வந்துச்சு" என்றார் தட்டச்சு அம்மா. "வயசாச்சு, பித்தம்னு நினைச்சு அடுத்த நாளே வைத்தியரைப் பாத்தேன். மருந்துகூடக் கொடுத்தாரு."

வேறு நேரமாயிருந்தால் அந்த அறையே சிரித்திருக்கும். பொறியாளர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லணும்னுதாம்மா நினைக்கிறேன். வாய் வரமாட்டேங்குது."

அன்றைக்கே மறுபடி முகர்ந்தார்கள். அவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தனித்தனியாக மேலே போய்வந்தார்கள். மூன்றாவது பீப்பாய்க்கு எல்லோருமே ஐந்து போட்டிருந்தார்கள். முதல் பீப்பாயும் இரண்டாவதும் நாறவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பள்ளத்தை மூடிவைக்கவோ, காற்றடிக்கிற இயந்திரங்கள் வைத்து ராப்பகலாக ஓட்டவோ ஊருக்குச் சக்தி இல்லை. திட்டம் பள்ளத்தை விட்டுக் கற்பாறை மேட்டுக்குப் போனது. அது எப்போது முடியும் என்று கேட்டவர்களிடம் பொறியாளர் வானத்தைக் காட்டினார். அதுவரை மழைக்காலத்துத் தண்ணீர் ஆற்றோடுதான் போகும்.

அவளை ஆய்வகத்திலிருந்து எடுத்து, புகார் வாங்குகிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள். வைத்தியர் அவள் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, இத்தனை நாளாகியும் வராததால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். அவளுடைய பழைய இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு கருவி வாங்கி வைத்தார்கள். அலுவலகத்தில் யாரும் அவளை மூக்குக்காரி என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாம்மா" என்றார்கள்.

கரை வரிசையில் யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. லாரி வந்த நாளில் குடத்தை வைத்துவிட்டுத் தையல்காரி சத்தமாகவே சொன்னாள்: "நாறினாலும் தண்ணி தண்ணிதான். ஜன்னலை மூடிக்கிட்டு இருந்திருப்போம். உன் மூக்கு போச்சுன்னு சொல்லி எங்க தண்ணியையும் சேத்து அனுப்பிட்டியே."

அவள் தன் குடத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்காரியே, "ஏன்டி, சுத்தமா எதுவுமே வரலயா?" என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். தையல்காரி தன் குடத்தை நகர்த்தி அவள் குடத்துக்கு இடம் விட்டாள்.

*

ஒரு சாயங்காலம் அலமாரியில் எதையோ தேடும்போது அந்தச் சட்டை கைக்கு வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மாமியார் ஜன்னலோரம் வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"தோய்ச்சதை மோந்து பாத்து என்ன வரப்போகுது?"

"சும்மா பாருங்க."

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கினார். அதன் மடிப்பைப் பிரித்து, கழுத்துப்பட்டையை விரித்து, முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். முகத்தை வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

சோப்பும் சூடான இஸ்திரிப் பெட்டியும் பட்ட துணியில் என்ன தங்கும், என்ன தங்காது என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

மாமியார் நிமிர்ந்தார்.

"இருக்கு" என்றார். "கழுத்துப்பட்டையில. அந்த ரப்பர் பசை. கொஞ்சம் எண்ணெயும்."

"நிஜமாவா அத்தை?"

"நான் எதுக்குடி பொய் சொல்லப்போறேன்?"

மாடியில் அந்த இரண்டு பேரும் தன் முகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அவளும் அப்படியே மாமியாரின் புருவத்தைப் பார்த்தாள். மூக்கு நுனியைப் பார்த்தாள். அந்த முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணோரம் மட்டும் ஈரமாக இருந்தது, அது அவள் கேட்ட கேள்விக்கு எந்தப் பக்கமும் பதில் இல்லை.

மாமியார் சட்டையை மறுபடி மடித்தார்.

"பையில போட்டு வை" என்றார். "மாசம் பிறந்தா எடுத்துக் கொடு. நான் பாத்துச் சொல்றேன்."